சைபர் செக்யூரிட்டி மேற்படிப்பு: இப்போதே சேரலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவிய நாள். அப்போது நான் பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட். மறுநாள் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். நானும் இன்னொரு பையனும் ஆளுக்கொரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு மூன்று மாடியிலும் மெஷின் மெஷினாகப் போய் பேட்ச் போட்டோம். ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததும், குளிக்கக்கூட இல்லை, லேப்டாப்பைத் திறந்து ஒரு கல்லூரியின் முழுநேர மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். கட்டணம் 1,200 ரூபாய். இவ்வளவு பெரிய விஷயம் நடக்கிறது, நமக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்ற படபடப்பு.

நேர்காணல் தேதியும் நாத்தனார் கல்யாணமும் ஒரே நாளில் வந்தன. போகவில்லை. 1,200 ரூபாய் போனது. இன்று யோசித்தால், அதைவிட மலிவாக யாரும் தப்பித்திருக்க முடியாது.

ஏனென்றால் அந்த சனி, ஞாயிறில் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது பட்டப்படிப்பில் வருகிற விஷயமே இல்லை. வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தூங்கியது நாங்கள். மூன்றாம் மாடி ஸ்டோர் ரூமில், வருகைப் பதிவுக்கென்று ஒரு பழைய விண்டோஸ் 7 பெட்டி ஓடிக்கொண்டிருந்ததே ஐ.டி. ஆட்கள் யாருக்கும் நினைவில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. எந்த எம்.எஸ்சி. பாடத்திட்டத்திலும் அந்தப் பெட்டி இருக்கும் இடம் வராது. ஒழுங்காக வைத்திருந்த ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

ஐந்து வருடம் கழித்து, 33 வயதில், வார இறுதி எம்.எஸ்சி. ஒன்றில் சேர்ந்து 2024-இல் முடித்தேன். போன மாதம் என் சித்தி பையன் மதுரையிலிருந்து கூப்பிட்டான். எல்-1 அனலிஸ்டாக, அதாவது பாதுகாப்பு அலர்ட்டுகளை முதலில் பார்க்கிற ஆளாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "அக்கா, வேலையை விட்டுட்டு மாஸ்டர்ஸ் சேந்துடவா?" என்றான். போனில் நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தொண்ணூறு நாளைக்கு, வேலையில் நீங்கள் திணறிய ஒவ்வொரு இடத்தையும் அதில் எழுதுங்கள். என்ன நடந்தது, எனக்கு என்ன தெரியவில்லை, கடைசியில் யார் எப்படித் தீர்த்தார்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஷிப்ட் முடிந்து கேப் வருவதற்குள் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனால் மறந்துவிடும், அல்லது நமக்குச் சாதகமாக மாறிவிடும். அலுவலக விஷயம் என்பதால் வாடிக்கையாளர் பெயர், ஐ.பி. முகவரி எதுவும் நோட்டில் இருக்கக்கூடாது.

தொண்ணூறாம் நாள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள். கை, தாள், படிப்பு. கை என்றால் திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும். தாள் என்றால் ஒரு ஆவணத்தையோ சின்ன கோர்ஸையோ உட்கார்ந்து படித்தால் தீரும். படிப்பு என்றால் அடியிலிருந்து வரிசையாகப் படித்தால்தான், கேட்க ஒரு ஆசிரியர் இருந்தால்தான் புரியும்.

என் நோட்டு 2022 பிப்ரவரியில் தொடங்கியது. அப்போது நான் வாடிக்கையாளர்களின் அலர்ட்டுகளைக் கண்காணிக்கும் டீமில் இருந்தேன். அதிலிருந்து மூன்றைக் காட்டுகிறேன்.

ஒரு நாள் விடிகாலை 3:10. ஒரே அக்கவுண்டில் ஒன்பது நிமிடத்தில் 212 லாகின் தோல்வி, அதாவது விண்டோஸ் 4625 என்ற எண்ணில் பதிவு செய்யும் நிகழ்வுகள். அதன் பின்னாலேயே ஒரு 4624, லாகின் வெற்றி, டைப் 10, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக. யாரோ பாஸ்வேர்டை அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, வாடிக்கையாளர் பக்கத்து மேலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். ஷிப்ட் லீட் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தோல்வி எல்லாம் என்ன டைப், எங்கேருந்து வருது?" நான் அந்தப் பத்தி வரை ஸ்க்ரோல் செய்யவே இல்லை. தோல்விகள் டைப் 3, அதாவது நெட்வொர்க் வழியாக, பேக்கப் சர்வரிலிருந்து. வெற்றி வேறு மெஷினிலிருந்து. நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றிவிட்டு பேக்கப் மென்பொருளில் மாற்ற மறந்திருக்கிறார். அதைச் சரிசெய்யத்தான் அந்த நேரத்தில் அவரே உள்ளே வந்தார். இது கை. இன்னும் நூறு அலர்ட் பார்த்தால் கண் தானாக அந்தப் பத்திக்குப் போகும்.

இரண்டாவது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு வந்தது. சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாக்குகளை, அதாவது கணினிப் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரம் எப்போதிலிருந்து என்று டீமில் ஆளுக்கொன்று சொன்னோம். இது தாள். அந்த உத்தரவு சில பக்கம்தான். ஒரு மதியம் காபியோடு உட்கார்ந்து படித்தேன், தீர்ந்தது. இதற்காக யாராவது சைபர் சட்டத்தில் இரண்டு வருடம் படித்தால் பாவம்.

மூன்றாவதுதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. அந்த மார்ச்சில் ஒரு வாடிக்கையாளரின் சர்வர்களை, இணையத்தில் போகும் டேட்டாவை ரகசியமாக்கும் டி.எல்.எஸ். முறையின் புது வெர்ஷனான 1.3-க்கு மாற்றினார்கள். மறுநாளிலிருந்து, நெட்வொர்க்கில் ஓரமாக உட்கார்ந்து போகிற வருகிற டேட்டாவைப் பிரித்துப் பார்க்கும் எங்கள் பழைய பெட்டிக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. கூட்டத்தில் அவர்கள் மேலாளர் கேட்டார்: "சர்வரோட பிரைவேட் கீயை உங்ககிட்டதானே குடுத்து வச்சிருக்கோம்? அப்புறம் ஏன் படிக்க முடியலை?" பிரைவேட் கீ என்றால் சர்வரின் ரகசியச் சாவி. நான் "வெர்ஷன் மிஸ்மேட்ச் சார்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டார். அது பதிலே இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அன்று இரவு இரண்டு வீடியோ பார்த்தேன். கேட்கும்போது புரிந்த மாதிரி இருந்தது. எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லை.

மொத்தம் 57 பதிவு. கை 38, தாள் 13, படிப்பு 6. ஆறுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறில் ஐந்து ஒரே குடும்பம்: சாவிகள், சான்றிதழ்கள், யார் யாரை எதை வைத்து நம்புகிறார்கள் என்பது. ஒரே பள்ளத்தில் ஐந்து முறை விழுந்திருக்கிறேன். என் கணக்கு இதுதான்: 'படிப்பு' என்ற வார்த்தைக்கு நேராக ஒரே குடும்பத்தில் ஐந்தாவது சேராதவரை பட்டப்படிப்புக்கு அவசரம் இல்லை. ஐந்து என்பது வேதவாக்கு அல்ல. உங்களுக்கு நான்காக இருக்கலாம். ஆனால் நாலும் நாலு திசையில் கிடந்தால் அது படிப்புக்கான பசி அல்ல, வேலைக்குப் புதுசு என்பதுதான்.

அந்தக் கூட்டத்துக் கேள்விக்கு எட்டு மாதம் கழித்து, நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை எம்.எஸ்சி. வகுப்பில் பதில் கிடைத்தது. ஆசிரியர் கரும்பலகையில் 17, 3 என்று இரண்டு எண் எழுதினார். இரண்டும் ஊருக்கே தெரிந்த எண்கள். முதல் பெஞ்சில் இருந்தவரிடம் ரகசியமாக 6 என்றும், கடைசி பெஞ்சில் என்னிடம் 7 என்றும் துண்டுச் சீட்டு கொடுத்தார். முதல் பெஞ்சுக்காரர் ஆறு மூன்றுகளைப் பெருக்கினார், 729, பதினேழால் வகுத்தால் மீதி 15. நான் ஏழு மூன்றுகள், 2187, மீதி 11. அவர் 15 என்று கத்தினார், நான் 11 என்று கத்தினேன். வகுப்பே கேட்டது. பிறகு அவர் என் 11-ஐ ஆறு முறை எழுதிப் பெருக்கி வகுக்க, நான் அவர் 15-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்கி வகுக்க, இரண்டு பேர் தாளிலும் மீதி 8. அந்த எட்டுதான் எங்கள் ரகசியச் சாவி, அதை யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. "இப்ப சீட்டைக் கிழிச்சுப் போடுங்க" என்றார் ஆசிரியர்.

கிழித்துப் போடும்போதுதான் உறைத்தது. டி.எல்.எஸ். 1.3-இல் ஒவ்வொரு இணைப்புக்கும் சீட்டு புதிது, முடிந்ததும் குப்பை. சர்வரின் பிரைவேட் கீ, 'நான்தான் அந்த சர்வர்' என்று கையெழுத்துப் போட மட்டும்தான். எங்கள் பெட்டி அந்தக் கீயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பழைய முறையில், அந்தக் கீ இருந்தால் உள்ளே போன ரகசியத்தையே திறந்துவிடலாம். 2018-இல் வந்த 1.3 அந்த முறையைத் தூக்கியே விட்டது. இதே கணக்கை 2017-இல் முழுநேரமாகப் போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதி மறந்திருப்பேன். கேள்வி என் கையில் இல்லையே அப்போது.

கதவுக்காகப் படிக்கிறவர்கள்

அறிவுக்காக இல்லை, பட்டம் என்ற தாள் கேட்கிற ஒரு கதவு இருக்கிறது, அதற்காகத்தான் என்றால் நோட்டு தேவையில்லை. தப்பும் இல்லை. எனக்கும் ஒரு கதவு இருந்தது. நான் விருதுநகரில் மூன்று வருட பி.எஸ்சி. படித்தவள். அரசு டெண்டர் ஒன்றுக்கு எங்கள் நிறுவனம் ஆட்களின் விவரம் அனுப்பியபோது, தகுதிப் பட்டியலில் பி.இ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. எல்லாம் இருந்தது, பி.எஸ்சி. இல்லை. என் பெயருக்குப் பதில், என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனின் பெயரை அனுப்பினார்கள்.

கதவு என்றால் அதன் நிபந்தனையை எழுத்தில் பாருங்கள். 'மாஸ்டர்ஸ் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க' என்பது நிபந்தனை இல்லை. உதாரணமாக, தகவல் பாதுகாப்பில் அனுபவம் உள்ளவர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குப் பட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கேட்பது எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில், ஐந்து வருட அனுபவம். கணினி சார்ந்த பட்டம் இருந்தால் அதில் ஒரு வருடம் கழியும், அவ்வளவுதான். அவர்கள் ஏற்கும் வேறு சில சான்றிதழ்களுக்கும் அதே ஒரு வருடம் கழியும்; இரண்டும் வைத்திருந்தாலும் ஒரு வருடம்தான். ஒரு வருடம் மிச்சப்படுத்த இரண்டு வருடம் படிப்பது என்ன கணக்கு?

கனடா போக நினைப்பவர்கள் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்நாட்டில் குடியேற ஆட்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் துணை இல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவருக்கு இளநிலைப் பட்டத்துக்கு 120 புள்ளி, முதுநிலைக்கு 135. பதினைந்து கூடுகிறது. ஆனால் வயதுக்கான புள்ளி 33-இல் 88, 35-இல் 77. படித்து முடிக்கும் இரண்டு வருடத்தில் பதினொன்று போய்விடும். மொழித் தேர்வோடு பட்டம் சேரும்போது வரும் கூடுதல் புள்ளிகளையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 25 வயதுக்காரருக்கு இந்தத் தேய்மானமே கிடையாது. 29 வரை முழுப் புள்ளி 110. ஆக, வெளிநாடு என்றால் சீக்கிரம் படிப்பது நல்லது. என் நோட்டு விதிக்கு இது நேர் எதிர்தான். சரி, இருக்கட்டும், இரண்டும் உண்மை.

எந்தப் படிப்பு என்பதில் ஒரு எச்சரிக்கை. மூன்று வருட பி.எஸ்சி.காரர்களை எம்.டெக்.கில் பெரும்பாலான இடங்களில் நேரடியாக எடுக்க மாட்டார்கள், எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ.தான் வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு எம்.எஸ்சி. உண்டு. கோவை எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் செக்யூரிட்டி எம்.டெக். உண்டு, ஆனால் முழுநேரம். கான்பூர் ஐ.ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கென்றே நடத்தும் இ-மாஸ்டர்ஸில் கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதில்லை, ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் முடிக்கலாம். கேட் எழுதிப் போகிற திட்டம் என்றால், அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதை வைத்து நாளைக் குறியுங்கள். அஞ்சல் வழி எம்.டெக். என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்; பொறியியல் பட்டங்களை அந்த வழியில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. மற்ற தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தில் பட்டியல் போடுகிறது. பணம் கட்டும் முன் நீங்கள் சேரும் அந்த வருடப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷிப்டும் வீடும்

அனுபவத்தைப் பொறுத்துச் சொல்ல வேண்டுமென்றால், முதல் இரண்டு வருடம் வேண்டாம். அந்தக் காலத்தில் வேலை தருகிற பாடம் வேறெங்கும் கிடைக்காது, அதுவும் சம்பளத்தோடு. மூன்றிலிருந்து ஏழு வருடம் நல்ல காலம். அதற்கு மேலும் படிக்கலாம். என் வகுப்பில் 46 வயது வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார், எங்கள் எல்லோரையும்விட நல்ல கேள்விகள் கேட்டவர். ஆனால் வருடக் கணக்கைவிட வாரக் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்களுக்குக் காலை, மதியம், இரவு என்று வாரம் ஒரு ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முடியும், வகுப்பு ஒன்பது மணிக்கு. முதல் செமஸ்டரில் மேலாளர் "பாத்துக்கலாம்மா" என்று இரவு ஷிப்டிலிருந்து விலக்கு கொடுத்தார். இரண்டாவது செமஸ்டரில் அவர் வேறு டீமுக்குப் போனார். புதியவர் பரீட்சை வாரத்தில் எனக்கு இரவு ஷிப்ட் போட்டார். காட்ட என்னிடம் ஒரு மெயில்கூட இல்லை. ஒரு தாளில் அரியர் வைத்தேன், இந்த வயதில். அதனால் சொல்கிறேன், வாய்ச்சொல் வேண்டாம். சேரும் முன் மேலாளரிடமும் எச்.ஆர். இடமும் எழுத்தில் வாங்குங்கள். நிறுவனமே கட்டணம் தருகிறது என்றால் எத்தனை வருடம் பாண்ட், இடையில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் அதே மெயிலில் இருக்கட்டும்.

விடுப்பில் பத்து நாளையாவது தொடாமல் வையுங்கள். பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற நிரலின் ஓட்டை வெளியே வந்தது 2021 டிசம்பர் 10, அதுவும் வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த இரண்டு வாரம் எங்கள் டீமில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடக்கூட இல்லை. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தால் அந்த செமஸ்டர் போயிருக்கும். இப்படி ஒன்று உங்கள் இரண்டு வருடத்திலும் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு ஒத்திகை பாருங்கள். நான்கு வார இறுதி, சனி ஞாயிறு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, ஐ.ஐ.டி. பாடங்கள் கிடைக்கும் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஒரு கிரிப்டோகிராஃபி (ரகசியக் குறியீட்டியல்) பாடத்தைப் போட்டு உட்காருங்கள். பாடம் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். வாராவாரம் வரும் அசைன்மெண்டையும் செய்ய வேண்டும். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். முதல் வாரம் பிள்ளை நாலு முறை வந்தாள். இரண்டாவது வாரம் மாமியாருக்கு முட்டிவலி, ஆஸ்பத்திரி. மூன்றாவது வாரம் என் கணவர், "ஞாயித்துக்கிழமை மீன் வாங்குறதும் குழம்பு வைக்கிறதும் இனிமே என் வேலை" என்றார். நான்காவது வாரம் எட்டு மணி நேரமும் உட்கார முடிந்தது. குழம்பில் உப்பு இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வாரமும் முட்டி மோதியும் எட்டு மணி நேரம் கிடைக்கவில்லை என்றால், படிப்பைக் குறை சொல்லாதீர்கள், வீட்டையும் குறை சொல்லாதீர்கள். அடுத்த வருடம் திரும்ப ஒத்திகை பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. எனக்கு நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் பக்கம் ஆனது. பாதி சேமிப்பு, பாதி வங்கிக் கடன். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருந்தால்தான். புதிய முறைக்கு மாறியவர்கள் அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வேலையை விட்டுப் படிப்பவர்கள் கட்டணத்தோடு இரண்டு வருடச் சம்பளத்தையும் சேர்த்து எழுத வேண்டும். பலர் அதை எழுதுவதே இல்லை.

சித்தி பையன் நோட்டு போட்டு இப்போது 31 நாள் ஆகிறது. நேற்று ராத்திரி படம் எடுத்து அனுப்பினான். 22 பதிவு. அவசரக்குடுக்கை, தொண்ணூறு நாள் வரை காத்திருக்காமல் பக்கத்தில் வார்த்தையும் எழுதிவிட்டான். கை பதினாறு, தாள் ஐந்து. ஒன்றே ஒன்றுக்கு நேராகப் 'படிப்பு' என்று எழுதி, அதை அடித்து, திரும்ப எழுதியிருக்கிறான். என்ன அது என்று கேட்டேன். ஒரு மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், தன்னைத் தானே மெமரியில் எப்படி அவிழ்த்துக்கொள்கிறது என்று ஒரு வாரமாகப் பார்க்கிறானாம், புரியவில்லையாம். "இது கையா, படிப்பாக்கா?" என்றான். எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அந்த ஃபைலை இன்னும் இரண்டு வாரம் நோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.